மண்ணில் வைத்த முகம்

தோட்டக் கரண்டியை மண்ணில் குத்திவிட்டு லோகேஸ்வரி அப்படியே குந்தியிருந்தாள். செம்பருத்திச் செடியடியில் தங்கையின் முகம் கிடக்கிறது. தோண்ட வேண்டும். அதைப் பார்க்கத்தான் பிரிக்பீல்ட்ஸில் அழகுப்பொருள் கடை வைத்திருக்கும் ருக்சார் கிள்ளான் வரைக்கும் காரோட்டி வந்து, பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

முகம் என்றால், அழகுக்குப் போட்டுக்கொள்ளும் முகமூடி. மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சி, சருமத்துக்கு நல்லது என்று மங்குஸ்தான் தோல் சாற்றைக் கலந்து, முக அச்சின் மேல் ஊற்றிக் காயவைத்து உரிக்கிற மெல்லிய படலம். தூக்கிப்போட்டால் மண்ணோடு மண்ணாகிவிட வேண்டும். மக்கினால்தான் ருக்சார் வாங்குவாள். இருந்த வேலையையும் விட்டுவிட்டு இதில் இறங்கிய லோகேஸ்வரிக்கு வேறு போக்கிடம் கிடையாது.

அச்சு எடுக்கத் தங்கை ஷாமினிதான் மூக்கில் ஸ்ட்ராவைச் செருகிக்கொண்டு படுத்தாள். படுத்தவள் சும்மா இருந்தாளா? பாதியில் சிரித்துத் தொலைத்தாள். இடது கன்னக் குழி அச்சில் அப்படியே விழுந்துவிட்டது. கூழில் சாற்றை ஊற்றியதும் அவள்தான். போதும்டி என்றால் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம்கா. கெட்டே போகக் கூடாதுலா!"

மக்குகிறதா என்று பார்க்க இருவருமாக ஒன்றைப் புதைத்தார்கள். துணி காயப்போட வந்த அம்மா இராஜம்மா அலறினாள். "உசுரோட இருக்கற பிள்ள முகத்தயாடி மண்ணுல போட்டு மூடுறீங்க?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த மாதமே ஷாமினியின் மோட்டார் சைக்கிளை ஒரு லோரி அடித்துப்போட்டது. அந்த இடத்திலேயே போய்விட்டாள்.

அதற்கப்புறம் அம்மா பின்கட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே காய்ந்து நாறியது. திட்டித் தீர்த்திருந்தால்கூட லோகேஸ்வரி தாங்கியிருப்பாள். ஒரு மாவுப் படலத்துக்கும் லோரிக்கும் என்ன சம்பந்தம் என்று படித்த புத்தி கேட்டது. ஆனால் கண்ணை மூடினால் மண்வாடை வந்தது.

"நான் வேணா தோண்டட்டுமாக்கா?" என்றாள் ருக்சார்.

"வேணாம்மா. நானே பாக்குறேன்."

மக்கிப்போயிருக்கணும் சாமி என்று வேண்டிக்கொண்டே மண்ணை அள்ளினாள். இரண்டாவது கரண்டிக்குள் வேண்டுதல் மாறிவிட்டது. இருக்கணும், இருக்கணும்.

முதலில் தாடை தெரிந்தது. பிறகு உதடு. கரண்டியைப் போட்டுவிட்டு விரலால் விலக்கினாள். எங்கும் ஒரு கிழிசல் இல்லை. ஷாமினி அள்ளி ஊற்றிய சாறு ஒரு புழு பூச்சியையும் அண்ட விடவில்லை. கன்னக் குழியில் மட்டும் ஈரமண் தேங்கியிருந்தது.

"மக்கிடுச்சாக்கா?"

"இல்லம்மா." தொழில் போயிற்று என்று தெரிந்தது. அழுகை வந்ததோ வேறொன்றுக்கு.

ருக்சார் எழுந்து வழிவிட்டாள். பின்வாசலில் அம்மா நின்றிருந்தாள். வெறுங்காலோடு இறங்கி வந்து மகளின் பக்கத்தில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தை மண்ணிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணி கொண்டு வாடி," என்றாள், சுண்டுவிரலால் அந்தக் குழியை வழித்துக்கொண்டே. "மூஞ்சியெல்லாம் மண்ணா கெடக்கு பாரு."