அட்டைக்கடித் திரி

சுரேந்திரன் அதுவரை நூற்று எண்பத்து மூன்று திரிகளைப் பூட்டியிருந்தான். யாருக்கும் கெடுதல் நினைத்துப் பூட்டவில்லை. யட்டியாந்தோட்டை பஜாரில் கபூர் நானாவின் கொமியூனிகேஷனில் அவனுக்கு வேலை. போட்டோகொப்பி எடுப்பான், வெளிநாட்டுக்குப் பேச வருகிறவர்களுக்கு நம்பர் அழுத்திக் கொடுப்பான். மிச்ச நேரத்தில் 'லயத்து வாசல்' என்ற இணைய மன்றத்துக்கு மட்டுறுத்துனர். அதாவது அங்கே எழுத வருகிறவர்கள் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறவன். சம்பளம் கிடையாது, அதிகாரம் மட்டும் உண்டு. சம்பளமில்லாத அதிகாரம் கிடைத்தவன் எப்படி நடப்பான் என்று உங்களுக்குத் தெரியாததா?

மன்றத்தை நடத்தியவர் குருவிட்டக்காரர் அப்துல் ரஸாக். டோஹாவில் ஏதோ கட்டிட வேலையில் மேற்பார்வையாளராக இருந்தார். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்த ஆட்கள் எந்த மூலையில் இருந்தாலும் வந்து பேசட்டும் என்று ஆரம்பித்தார். ஒருவர் ஒரு கேள்வி போட, அதற்குக் கீழே மற்றவர்கள் எழுதிக்கொண்டே போனால் அது ஒரு திரி. ஆறு மாதம் சும்மா கிடந்த திரியில் யாராவது வந்து எழுதினால் மேற்கொண்டு யாரும் எழுத முடியாதபடி உடனே அதைப் பூட்டிவிட வேண்டும் என்பது சுரேந்திரன் கொண்டுவந்த சட்டம்.

சட்டத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு வெள்ளத்தின்போது, எந்தப் பள்ளிக்கூடத்தில் நிவாரண அரிசி கொடுக்கிறார்கள் என்று ஒரு திரி ஓடியது. மூன்று வருடம் கழித்து யாரோ அதில் வந்து 'நன்றி' என்று ஒரு வார்த்தை எழுத, திரி முதல் பக்கத்தில் மேலே ஏறி வந்தது. அதைப் பார்த்த எஹலியகொடக்காரர் ஒருவர் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினார். அங்கே ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

எதிர்த்துப் பேசியது 'கேகாலை மூக்காயி' என்ற பெயரில் எழுதியவர். ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. தன் பசு தீனி எடுக்கவில்லை என்று அவர் ஒரு தடவை கேட்டிருந்தார். இரண்டு வருடம் கழித்துத்தான் ஒருவர் நல்ல வைத்தியம் சொன்னார். பசு அதற்குள் செத்துவிட்டது. ஆனால் அதன் கன்றுக்கும் அதே நோய் வந்து, அந்த வைத்தியத்தில் அது பிழைத்துக்கொண்டது. பூட்டியிருந்தால் கன்றும் போயிருக்கும் என்பது மூக்காயியின் கட்சி. பதினொரு பக்கம் வாதம் நடந்தது. வாக்கெடுப்பில் பதினான்குக்குப் பன்னிரண்டு என்று சுரேந்திரன் ஜெயித்தான். ஜெயித்த கையோடு, பூட்டைத் திறக்கும் உரிமை தனக்கு வேண்டாம், ரஸாக்கிடமே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தான். யாராவது வந்து கெஞ்சி மனசு இளகிவிடக் கூடாதாம். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற ஆள் அவன்.

இங்கிலீஷ் மன்றங்களைப் பார்த்துத்தான் இந்தச் சட்டத்தை எடுத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். இல்லை, அப்பாவிடமிருந்து எடுத்தான். அப்பா பழனிமுத்து கீழ்த்தோட்டத்தில் யூனியன் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். தீர்ந்துபோன பேச்சையோ, ஆறு மாசம் பதில் வராத பேச்சையோ மறுபடி எடுக்கிறவர் அம்மன் விளக்குக்கு ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் வைக்க வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டவர். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார். அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு தோட்டத்தில் பழைய சண்டைகள் நின்றன. எண்ணெய் வரத்தும் நின்றது.

சுரேந்திரனின் சொந்தப் பேச்சும் அப்படித்தான் ஆறியது. மேல்தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் விஜயகலா பரீட்சைத் தாள் கொப்பி எடுக்கக் கடைக்கு வருவாள். ஈமெயில் அனுப்ப அவன்தான் சொல்லிக்கொடுத்தான். மன்றத்தில் சேர்த்துவிட்டவனும் அவன்தான். அவள் போட்ட ஒரே திரி, 'அட்டைக்கடிக்கு என்ன வழி?' என்பது. தேயிலை மலையில் தினமும் இரண்டு மைல் ஒற்றையடிப் பாதையில் நடக்கிறவள் வேறு என்னத்தைக் கேட்பாள்? இரண்டாயிரத்து நான்கு தை மாதம் அம்மா இராஜம் வெற்றிலைத் தட்டோடு மலையேறிப் போய் அவளைப் பெண் கேட்டாள். அவள் அப்பா மூக்கையா தட்டை வாங்கிக்கொண்டு, தேத்தண்ணி கொடுத்து, சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

சொல்லி அனுப்பவில்லை. விஜயகலா கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். பெண் கேட்ட வீட்டுப் பையன் முன்னால் போய் நிற்பதெப்படி என்ற கூச்சத்தில் வராமல் இருந்திருக்கலாம். பிடிக்காததால்தான் நின்றுவிட்டாள் என்று இவன் முடிவு கட்டினான். அதற்கு முன் ஒரே ஒரு தடவை அவள் திரியில் போய் எழுதினான்: 'புகையிலைத் தண்ணியில் நனைச்ச துணியைக் கணுக்காலில் கட்டிப் பாருங்க. சரியா வருமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.' அவன் கேட்டது அட்டையைப் பற்றி இல்லை. அதற்கும் பதில் வரவில்லை. ஆறு மாசம் முடிந்த அன்று பழனிமுத்து, அந்தப் பேச்சு முடிந்தது என்று சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அம்மா வேறு பெண் பார்க்கச் சொன்னபோதெல்லாம் இவன் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டான். நாலு வருடம் அப்படியே போனது.

இரண்டாயிரத்து எட்டு ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடையைத் திறந்து, வாசலைக் கூட்டி, கொம்பியூட்டரைப் போட்டான். அட்டைக்கடித் திரி மேலே வந்து நின்றது. கடைசிப் பதிவுக்கு முந்தின பதிவின் தேதி: பெப்ரவரி 2004. சுரேந்திரன் தலைப்பைப் பார்க்கவில்லை, தேதியைத்தான் பார்த்தான். நூற்று எண்பத்து மூன்று தடவை பழகிய கை பூட்டை அழுத்தியது. கீழே அவனே எழுதிவைத்திருந்த அறிவித்தல் விழுந்தது: 'இந்தத் திரி ஆறு மாதத்துக்கு மேற்பட்டது. பூட்டப்படுகிறது. புதிய கேள்வி இருந்தால் புதிய திரி தொடங்கவும்.'

அதன் பிறகுதான் வாசித்தான்.

'நாலு வருஷமா கட்டிக்கிட்டுத்தான் போறேன். சரியா வருது. எங்க மேல்தோட்டத்துல எதையும் மூணு தரம் கேட்டாத்தான் பதில் சொல்லுவாங்க. அந்த வழக்கம் கீழ்த்தோட்டத்துல இல்லன்னு போன மாசந்தான் எனக்குத் தெரிஞ்சிச்சு. இப்ப வேற ஒருத்தங்க ரெண்டு தரம் கேட்டுட்டாங்க. மூணாவது தரம் ஞாயித்துக்கிழமை வாறாங்க. மொத ஆளுக்கு மிச்ச ரெண்டு தரம் கேக்க மனசு இருக்கா?'

சுரேந்திரன் அதை இரண்டாம் தரமும் வாசித்தான். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு ஓடைதான். ஆனால் அந்தக் காலத்தில் வேறு வேறு ஊரிலிருந்து கப்பலேறி வந்த ஆட்கள், ஆளுக்கொரு வழக்கத்தையும் கூடவே கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். முதல் தடவையிலேயே சம்மதம் சொன்னால் பெண் மலிந்து கிடக்கிறாள் என்று ஆகிவிடும் என்பது மேல்தோட்டத்தார் எண்ணம். கேட்ட வாயால் மறுபடி கேட்டால் மானம் போய்விடும் என்பது கீழ்த்தோட்டத்தார் எண்ணம். இரண்டு வீடும் நாலு வருடம் மரியாதையாகக் காத்திருந்தன.

திறக்க வழியில்லை. டோஹாவுக்குப் போன் போட்டான். ரஸாக் வேலைத்தளத்தில் இருந்தார், பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. பதினொரு பக்கம் வாதாடியது நீதானே என்று ஞாபகப்படுத்தினார். சட்டம் சட்டம்தான், காரணத்தை மன்றத்தில் எல்லோரும் பார்க்க எழுது, வெள்ளிக்கிழமை லீவில் திறந்துவிடுகிறேன் என்றார்.

விஜயகலா பயிற்சிக்காகக் கேகாலைக்குப் போகும் செவ்வாய்க்கிழமைகளில்தான் இணையத்தைப் பார்ப்பாள். தனிமடல் போட்டாலும் அடுத்த செவ்வாய்தான் அவள் கண்ணில் படும். எல்லாவற்றையும் கேட்ட கபூர் நானா முறைத்தார்.

"நடந்து போனா முக்கால் மணித்தியாலம். எழும்பிப் போடா" என்றார்.

முதலில் காரணத்தை எழுதிவிட வேண்டும் என்றான் சுரேந்திரன். தன் கையால் பூட்டியதை முறைப்படி திறக்காமல் எந்த முகத்தோடு அவள் முன்னால் போய் நிற்பது என்பது அவன் கவலை. செவ்வாய் முழுக்க எழுதினான். புதனும் எழுதினான். 'தவிர்க்க முடியாத காரணத்தால்' என்று ஆரம்பித்து அழித்தான். 'பொதுநலன் கருதி' என்று ஆரம்பித்தான். அட்டைக்கடியில் என்ன பொதுநலன் என்று மூக்காயி கேட்பார் என்று அதையும் அழித்தான். கடைசியில் வியாழக்கிழமை காலை, தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று, 'நான் வாசிக்காமல் பூட்டிவிட்டேன்' என்று மட்டும் எழுதிப் போட்டான். இரண்டு நாள் பிடித்த காரியத்துக்கு மூன்று சொல்தான் தேவைப்பட்டிருக்கிறது.

அன்று பின்னேரம் ஒரு போத்தல் தேங்காயெண்ணெயோடு அப்பா முன்னால் போய் நின்றான். பழனிமுத்து போத்தலைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"எந்தப் பேச்சு?"

"மேல்தோட்டத்துப் பேச்சுங்கப்பா."

விஷயத்தைச் சொன்னான். இன்னும் இரண்டு தரம் போக வேண்டும் என்பதையும் சொன்னான். பழனிமுத்து போத்தலை வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"அப்படின்னா ரெண்டு போத்தல்" என்றார்.

சுரேந்திரன் ஓடிப் போய் இன்னொன்று வாங்கி வந்தான். அப்பா இரண்டு போத்தலையும் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனதைப் பார்த்துக்கொண்டே அவன் சந்தோசமாக நாட்களை எண்ணினான். வெள்ளியும் சனியும் கேட்டுவிட்டால் மூன்று தரம் ஆகிவிடும். ஞாயிறுக்கு ஒரு நாள் முந்தியே முடிந்துவிடும்.

வெள்ளி காலை மழையோடு ஏறினார்கள். அம்மா தட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள். மூக்கையா வாசலுக்கு வந்து உட்காரச் சொன்னார். தட்டை மட்டும் வாங்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

"புதன்கிழம பின்னேரம் எஹலியகொட மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதம் சொல்லி அனுப்பிட்டோங்க" என்றார். "எங்க வழக்கத்துல இல்லாத காரியந்தான். மூணாவது தரம் வேணாம், ரெண்டு போதும்னு பிள்ளையே சொல்லிருச்சி."

இராஜம் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பழனிமுத்து கையைக் கூப்பினார். தேத்தண்ணி கொண்டுவந்தது விஜயகலாதான். சுரேந்திரனுக்குக் கொடுக்கும்போது, மற்றவர்களுக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

"செவ்வாக்கிழம பின்னேரம் கேகாலையிலருந்து வர முன்னாடி பார்த்தேன், பூட்டியிருந்திச்சு. புதுசா தொடங்கச் சொல்லியிருந்தீங்க."

தேதியை மட்டும்தான் பார்த்தேன் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். ஆனால் கொடுத்த வார்த்தையை மாற்றச் சொல்லிக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். எஹலியகொடையில் ஒரு வீடு பந்தல் போட ஆள் பார்த்துக்கொண்டிருக்கும். தேத்தண்ணி நல்லா இருக்கு என்று சொன்னான். அதில் சீனி போட மறந்திருந்தார்கள்.

அன்று பின்னேரம் ரஸாக் சொன்னபடியே திரியைத் திறந்தார். உறுப்பினர்கள் உள்ளே பாய்ந்தார்கள். எந்தத் தோட்டத்தில் மூன்று தரம், எந்தத் தோட்டத்தில் ஒரு தரம் என்று நாலு பக்கம் எழுதினார்கள். கேகாலை மூக்காயி மட்டும் எதுவும் எழுதவில்லை. சுரேந்திரனுக்குத் தனிமடலில், 'கன்னுக்குட்டி போச்சா தம்பி?' என்று கேட்டிருந்தார். கடையில் ஆள் இருந்ததால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போட்டோகொப்பி எடுக்கப் போனான். கோயில் விளக்கு ஆவணி வரைக்கும் எண்ணெய்க் குறையில்லாமல் எரிந்தது.

திரி மறுபடி அடங்கியது. அடுத்த வருடம் மார்ச்சில், ஒன்பது மாதம் கழித்து, அது மேலே வந்து நின்றது. சுரேந்திரன் இந்தத் தடவை முதலில் வாசித்தான்.

'நான் இப்ப இருக்கிற பக்கம் ரப்பர்க் காடு. அட்டை கம்மி. துணி கட்டத் தேவையில்ல.'

அதற்குப் பிறகு தேதியைப் பார்த்தான். சட்டப்படி பூட்ட வேண்டும். கீழே 'சந்தோசம்' என்று எழுதிவிட்டு, திறந்தபடியே விட்டுவிட்டு, அடுத்த ஆளுக்கு நம்பர் அழுத்திக் கொடுக்கப் போனான்.