கோ. எத்திராஜ் (லேட்)

மகள் ஜெயப்பிரியாவுக்கு மாங்காட்டிலிருந்து ஒரு வரன் வந்ததும் பட்டாபிராம் எத்திராஜ் செய்த முதல் காரியம், ஆளைப் பற்றி விசாரித்துச் சொல்லும் ஆப்கள் மூன்றைப் போனில் இறக்கியதுதான். பெண்ணுக்கு முப்பது தாண்டிவிட்டது. முன்பு வந்த இரண்டு வரன்களும் நிச்சயம் வரை வந்து கலைந்துபோயின. இதுவும் கைநழுவினால் இனி கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று ஜெயப்பிரியா சொல்லியிருந்தாள்.

மூன்றில் எது நம்பகமானது? தெரிந்த ஆளைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தன்னோடு லேத்து ஓட்டிய அப்துல் ரசாக்கின் பெயரை, முதல் பெயர், இரண்டாம் பெயர் என்று கேட்ட இரண்டு கட்டங்களில் போட்டார். முதல் ஆப், அவர் நாக்பூரில் பல் டாக்டர் என்றது. இரண்டாவது, அவருக்குச் சுக்கிர திசை நடக்கிறது என்றது. மூன்றாவதான 'ஆளறி' மட்டும் வீட்டு முகவரி, பிள்ளைகள் எத்தனை, ஹெல்மெட் இல்லாமல் போலீஸில் மாட்டியது வரை புட்டுப்புட்டு வைத்தது. எத்திராஜ் பூரித்துப் போனார். அதிலேயே மாப்பிள்ளை ஹேமநாதனையும் பார்த்தார். வழக்கு இல்லை, குடி இல்லை, வீட்டில் குரலை உயர்த்தியதே இல்லை என்று வந்தது. நீங்களும் எங்களை ஆளறியிலேயே பாருங்கள், மற்றதெல்லாம் டுபாக்கூர் என்று நேரில் சந்திக்காத இரு வீட்டுக்கும் நடுவே பேசிவந்த தரகர் ராஜகுமாரி மூலம் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லியும் அனுப்பினார். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நிச்சயத்துக்கு முதல் நாள் காலையில் ராஜகுமாரி மூச்சிரைக்க ஓடி வந்தாள். மாப்பிள்ளையின் அப்பா பாண்டியனும் ஆளறியில் பார்த்தாராம். பெண்ணின் அப்பா 2011-லேயே காலமாகிவிட்டார் என்று வந்ததாம். தகப்பன் இல்லாத பெண்ணாயிற்றே என்று மனம் இளகி, உடனே சம்மதம் சொல்லிவிட்டார்களாம்.

எத்திராஜ் அப்போது இட்லி தின்றுகொண்டிருந்தார். உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லவேண்டியதுதானே என்று எரிந்து விழுந்தார்.

சொல்லாமலா? ஜெயப்பிரியாவே ஹேமநாதனிடம் போனில் சொல்லியிருக்கிறாள், அவன் தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். பாண்டியனோ கண்கலங்கி, பாவம், அந்தப் பெண் தன் அப்பாவின் சாவை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்றாராம். இனிமேலும் தப்பு தப்பு என்று அடம்பிடித்தால் வரன் கலைந்துவிடும் என்பது ராஜகுமாரியின் கணக்கு.

"நாளைக்கு ஒரு நாள் சித்தப்பனா இருந்துக்கோ நைனா. தாம்பூலம் மாறட்டும், அப்பால உயிரோட வந்துக்கலாம்."

எத்திராஜ் மகள் முகத்தைப் பார்த்தார். சரி, தொலையட்டும் என்று சாகச் சம்மதித்தார். மனைவி ரேணுகா மட்டும், என் பொட்டில் கை வைக்கச் சொன்னால் நடக்கிறதே வேறு என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் பாண்டியன் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் அண்ணன் தங்கமான மனுஷனாமே, ஊரே சொல்கிறது என்றார். உயிரோடு இருந்தவரை ஊர் இதை ஒருநாளும் சொன்னதில்லை. எத்திராஜே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லக்ன பத்திரிகையில் ஐயர் 'லேட் கோ. எத்திராஜ்' என்று வாசித்தபோதும் சித்தப்பாவாகவே தலையாட்டினார்.

அப்புறம் பாண்டியனின் மனைவி அஞ்சலை குங்குமத் தட்டோடு வந்தாள். உட்கார்ந்திருந்த பெண்களுக்கு வரிசையாக நீட்டினாள். ரேணுகாவின் முன்னால் நின்றாள், அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்துப் பரிதாபமாக ஒரு 'ச்சு' கொட்டினாள், தட்டோடு அடுத்தவளிடம் போனாள். நீட்டிய கையை ரேணுகா மடியில் வைத்துக்கொண்டாள்.

எத்திராஜுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்யாணமாவது மண்ணாவது.

"தட்டை இங்க கொண்டாம்மா. அவ புருசன் நான்தான். உயிரோட கீறேன்."

ராஜகுமாரி பந்திப் பக்கம் நழுவினாள். பாண்டியன் நிதானமாகப் போனை எடுத்து நீட்டினார். மூன்றையும் ஒப்பிட்டு இதுதான் நம்பகமானது என்று உங்கள் வீட்டில்தானே சொன்னீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எத்திராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் பெயர் கோதண்டன், இரண்டாம் பெயர் எத்திராஜ்.

"இது எங்கப்பா, சம்பந்தி. இனிஷியலை முன்னாடி போட்டுக்கீறீங்க. எனக்கு எங்க தாத்தா பேரு. செத்தது கோதண்டன்."

"இனிஷியல் முன்னாடிதானே வரும்?" என்றார் பாண்டியன்.

வரத்தான் செய்யும். மாப்பிள்ளைக்கு எத்திராஜும் அப்படித்தானே போட்டார். அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. அப்துல் ரசாக், இரண்டு கட்டத்துக்கும் அளவெடுத்த மாதிரி பெயர். ஹேமநாதனுக்கோ முதல் கட்டத்தில் பாண்டியன் என்று போட்டிருந்தார்; அங்கேயும் பேரனுக்குத் தாத்தா பெயர்தான் போலும். வயது அறுபத்திரண்டு என்று வந்ததை முப்பத்திரண்டாக இருக்கும் என்று தானே திருத்திப் படித்துக்கொண்ட புண்ணியவான் அவர். மாப்பிள்ளையைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதையும் அங்கேயே சொல்லிவிட்டார்.

"அப்ப நீங்க பாத்தது என்னியா?" பாண்டியனின் குரல் இறங்கியது. "இன்னா போட்டுக்கீது?"

வழக்கு இல்லை, குடி இல்லை, வீட்டில் குரலை உயர்த்தியதே இல்லை என்று எத்திராஜ் ஒப்பித்தார்.

அஞ்சலை தட்டோடு திரும்பினாள். புருஷனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இவுரா? அப்ப இந்த ஆப்பு சொல்றது அத்தனையும் பொய்தான். அண்ணன் உயிரோடதான் கீறாரு, தாம்பூலத்தை மாத்துங்க."

நேரே ரேணுகாவிடம் வந்து, குங்குமத்தை எடுத்துத் தன் கையாலேயே அவள் நெற்றியில் வைத்தாள். ரேணுகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.