நேரம் நெற்றிக்கா, விரலுக்கா

1

இந்தக் கதை ஒரு விமான டிக்கெட்டிலிருந்து பிறந்தது. காத்மாண்டுவில் என் கீழ்வீட்டு ஜுனு அதை நீட்டிப் படித்துக் காட்டச் சொன்னாள். மலேசியாவில் கட்டட வேலை செய்யும் அவள் தம்பி லோகேந்திராவின் விமானம் கோலாலம்பூரில் காலை ஒன்பதுக்குக் கிளம்பும்; இங்கே பதினொன்றேகாலுக்கு இறங்கும்.

"ரெண்டேகால் மணி நேரந்தானா? இங்கயிருக்கிற பொக்காராவுக்கு பஸ்ல போனாலே பொழுது போயிடுதே."

பறப்பது நாலரை மணி நேரம், அங்கே கடிகாரம் நம்மைவிட முந்தி ஓடுகிறது என்றேன்.

"அப்ப மிச்ச நேரம் எங்க போச்சு?"

அதைத் தேடித்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஒரு தம்பி... [அடித்துவிட்டேன். ஒரு வலைத்தளம் சொல்லும் தூரத்தை இன்னொன்று ஒப்புக்கொள்ள மறுக்கிறது.]

இரண்டாவது: அன்று பாய் டீக்கா. அக்கா தம்பியின் நெற்றியில் ஏழு நிறப் பொட்டிட்டு, வாடாமல்லி மாலை போட்டு, எமனை வாசலோடு திருப்பி அனுப்பும் நாள். பொட்டுக்கு நல்ல நேரம் பன்னிரண்டரை. காலையிலேயே தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, விமானம் ரெண்டு மணி நேரம் லேட்டு. பன்னெண்டரைக்கு வானத்துல இருப்பேன்."

"எந்த ஊர் பன்னெண்டரைக்குடா?"

"ரெண்டு ஊர் பன்னெண்டரைக்கும்."

ஜுனு போனை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "நல்ல நேரம் அவன் நெத்திக்கா, என் விரலுக்கா?"

"எமன் எந்த ஊர்க் கடிகாரம் கட்டியிருக்கான்னு மொதல்ல கேளு" என்றான் கேசர்.

[இந்தக் கேலி கேசருடையது இல்லை. அவன் வாயில்லாப் பூச்சி. பயமாக இருந்ததால் நான்தான் சேர்த்தேன்.]

3

பயத்துக்குக் காரணம் உண்டு.

"நாள் முழுக்க எப்ப வேணா வைக்கலாம்னு சொல்றாங்க, விடு" என்றான் கேசர். இது அவனே சொன்னது.

"போன வருஷமும் இப்படித்தான் விட்டேன். போன் திரையில பொட்டு வெச்சேன். மறுமாசமே சாரத்துலேர்ந்து விழுந்தான். பொழச்சது பெரும்பாடு."

கேசர் சுவரிலிருந்த லோகேந்திராவின் படத்தைக் கழற்றி வந்து அவள் முன்னால் வைத்தான்.

"உசுரோட இருக்கிறவன் படத்துக்கு மாலை போடச் சொல்றீங்களா?"

படம் வந்த வேகத்தில் சுவருக்குத் திரும்பியது.

4

முடிவு ஒன்று: பன்னிரண்டரைக்கு அவள் வாசலில் நின்று காற்றுக்குப் பொட்டிடுகிறாள். [காற்றுக்கு ஏது நெற்றி?]

முடிவு இரண்டு: நேரம் தப்பிய பிறகு தம்பி வருகிறான், சிரிக்கிறான், பொட்டிடுகிறாள். அடுத்த மாதம்... [எழுத மாட்டேன்.]

முடிவு மூன்று: நான் கடிகாரத்தை நிறுத்திவிடுகிறேன். காகிதத்தில் அது சுலபம். பன்னிரண்டரை ஆகவே ஆகாது. தம்பி வானத்திலேயே பத்திரமாக இருப்பான்.

எழுதியதை ஜுனுவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்ப அவன் வீட்டுக்கு வர வேணாமா?" என்றாள்.

எனக்கு நல்ல நேரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த விமானத்தை இறக்க எனக்குக் கை வரவில்லை. நீங்கள்தான் இறக்க வேண்டும், வாசகரே. பொட்டு வைக்கும்வரை இங்கே அக்காமார் சாப்பிடுவதில்லை. ஜுனு நேற்று இரவிலிருந்து பட்டினி.