மூலையில் தண்ணீர் நிற்கவில்லை

அப்பா இறந்து பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. எங்கே புதைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

நிஷா ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தால் அப்பாவின் முகம் தெரியும். கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கும். அவள் மறுபடி துடைப்பாள்.

அண்ணன் சாம்சன் இடுப்புவரை நனைந்து வந்து நின்றான்.

"கல்லறைத் தோட்டத்துக்குப் போவ முடியாதும்மா. கால்வா ஒடைச்சிக்கினு வழி பூரா தண்ணி. பொட்டியத் தூக்கிக்கினு எப்டிப் போறது?"

அம்மா ஏஞ்சல் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம நெலத்துலயே வெச்சிடுங்க. உசுரோட இருந்தப்பவும் அங்கதான கெடந்தாரு. சோறு துன்னத்தான வூட்டுக்கு வருவாரு."

யாரோ சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதான் சரி," என்றார் பாண்டுரங்கன். அப்பாவோடு நாற்பது வருஷம் கூலிக்குப் போனவர். "களர் நெலம். இன்னா வெளையப்போவுது அதுல? பாஸ்டரு ஒரு மணிக்கு வராராம். கடப்பாரைய எட்றா சாம்சா."

நிஷா துண்டை அம்மாவிடம் கொடுத்தாள். செருப்புப் போடாமல் அவர்கள் பின்னால் நடந்தாள்.

ஆற்றுக்கும் மேய்ச்சல் தரைக்கும் நடுவில் அறுபது சென்ட். பட்டா கிடைத்தபோது ஊரே சிரித்தது. வெயிலில் அந்த மண்ணின் மேல் உப்பு வெள்ளையாகப் பூக்கும். மழையில் எண்ணெய் கொட்டியது போலக் கருப்பாகக் கசியும். பெய்த தண்ணீர் இறங்காமல் வாரக்கணக்கில் நிற்கும். அதன் கீழே ஒரு சாண் தோண்டினால் காய்ந்த புழுதி வரும். அங்கே முளைக்கும் கூரான புல்லை மாடுகள் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். சேறு காலில் வழவழவென்று வழுக்கும்.

"சோப்பு வாங்கற செலவு மிச்சம்," என்பார் அப்பா.

நிஷா கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருஷம் படித்தபோது, ஒருநாள் சாப்பிடுகையில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்த மண்ணில் இருப்பது சோடியம். அதுதான் மண்ணின் துளைகளை அடைத்துவிடுகிறது. ஜிப்சம் போட்டால் சோடியம் கழன்று வரும். நல்ல தண்ணீரைக் கட்டி அதைக் கீழே இறக்கி வடிக்க வேண்டும். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வாரம் அப்பா மொபெட்டில் இரண்டு மூட்டை ஜிப்சம் கொண்டுவந்து இறக்கினார்.

"பீட்டரு நெலத்துக்கு பவுடரு பூசிக்கினு கீறான்," என்று பாண்டுரங்கன் டீக்கடையில் சொன்னார். "பொண்ணு பாக்க வராங்களாம்."

"வருவாங்க, வருவாங்க. உன்னயும் கூப்புடறன், வந்து பஜ்ஜி துன்னு," என்றாராம் அப்பா.

அறுபது சென்ட்டையும் செய்ய முடியவில்லை. வடக்கு மூலையில் ஒரு துண்டு மட்டும். டியூபில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்து, மீதி நிலத்தோடு ஒரே மட்டமாக்கினார். ஓரத்தில் வடிகால் வெட்டினார். தழை உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன்னே மிதித்துச் சேற்றில் அமுக்கினார். ஐந்து வருஷம்.

வருஷத்துக்கு ஒருமுறை அந்த மூலையிலிருந்து மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொடுப்பார். அவள் முதலில் கல்லூரியிலும், பிறகு வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனி லேபிலும் பி.எச். பார்த்துச் சொல்வாள். அவர் அதை வீட்டுக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதுவார். 9.8. 9.7. 9.7. 9.4.

"எட்டரைக்குக் கீழ எறங்கணும். அப்பதான் நெல்லு நிக்கும்," என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். ஜுரம் பார்க்க வந்த நர்ஸுக்கும் சொன்னார்.

ஐந்தாவது டப்பாவைப் போன மாதம் கொடுத்தனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டார்.

"இன்னா கண்ணு, பாத்தியா?"

"இன்னும் பாக்கல நைனா."

பார்த்திருந்தாள். இரண்டு தடவை. இரண்டு தடவையும் ஒரே எண். அவளால் அதை நம்ப முடியவில்லை. மீட்டர் பழசு. அதைச் சரிபார்க்கும் கரைசல் தீர்ந்துபோயிருந்தது. புதன்கிழமை புதுசு வரும். மூன்றாவது தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவாப் பாரு. மண்ணு எங்க ஓடிடப்போவுது?" என்றார் அப்பா.

செவ்வாய்க்கிழமை நிலத்திலிருந்து வந்தவர், டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். சாயங்காலம் நாலரை மணிக்கு முடிந்துவிட்டது.

இன்று புதன்கிழமை.

நிலம் முழுக்கக் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. வானம் அதில் பழுப்பாகத் தெரிந்தது. சாம்சன் நடுவில் இறங்கிக் கடப்பாரையைப் போட்டான். தண்ணீர் தெறித்தது. 'ணங்' என்றது.

"கல்லு மாரி கீது மாமா."

பாண்டுரங்கன் பக்கத்தில் இன்னொரு இடத்தில் போட்டுப் பார்த்தார். அங்கேயும் இறங்கவில்லை. நெம்பியதில் ஒரு கட்டி பெயர்ந்தது. அடிப்பக்கம் காய்ந்திருந்தது.

"மேல தண்ணி, உள்ள புழுதி. இதுல அஞ்சு வருசம் மல்லுக்கட்டிக்கினு இருந்தான் பாரு, உங்கப்பன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பைத்தியக்காரன்."

தண்ணீரை அளைந்துகொண்டு வடக்குப் பக்கம் போனார்.

"டேய், இங்க வா. இந்த மூலையில தண்ணியே நிக்கல. மேடு போல."

மேடு இல்லை. நிஷா வரப்பில் நின்றாள். அப்பா மட்டம் பார்த்தபோது டியூபின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள்தான். ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை. இரண்டு நாள் மழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் பெய்தது. இங்கே மட்டும் தண்ணீர் இறங்கிப் போயிருந்தது.

மூன்றாவது தடவை பார்க்க வேண்டியதில்லை.

பாண்டுரங்கன் கடப்பாரையைப் போட்டார். சத்தமே இல்லாமல் முழங்கை ஆழம் இறங்கியது.

"யப்பா! வெண்ணெ மாரி எறங்குது. இங்கயே தோண்டிடலாம். பன்னெண்டு மணிக்கு முடிஞ்சிரும்."

சாம்சன் மண்வெட்டியோடு வந்தான். நான்கு மூலைக்கும் குச்சி நட்டான். ஆறடிக்கு மூன்றடி. குழி வெட்டி மூடிய இடத்தில் அப்புறம் யாரும் ஏர் ஓட்டமாட்டார்கள். சுற்றி வேலி போட்டு, சிலுவை நட்டு, வருஷா வருஷம் வெள்ளையடிப்பார்கள்.

"அண்ணா," என்றாள் நிஷா.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் குரல் எப்போதுமே அப்படித்தான். கோவிலில் பைபிள் வசனம் வாசிக்கச் சொன்னால், அப்பா கடைசி வரிசையில் போய் நின்று காதில் கையைக் குவித்துக்கொள்வார். அவருக்குக் கேட்கும்வரை மறுபடி வாசிக்க வேண்டும். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். கேட்டதும் கையை எடுத்துவிடுவார்.

சாம்சன் மண்வெட்டியை ஓங்கினான். அவள் இறங்கி நடந்தாள். முதல் பத்தடி வழுக்கியது. பிறகு வழுக்கவில்லை. குச்சிகளுக்கு நடுவே போய் நின்றாள். விரல்கள் மண்ணில் புதைந்தன.

"ஏய், இன்னா? தள்ளு."

"இங்க வேணாண்ணா."

"பின்ன?"

"அந்தாண்ட. நடுவுல."

"அங்க கடப்பாரையே எறங்கல, பாத்தியா இல்லியா? பாஸ்டரு ஒரு மணிக்கு வராரு."

"பாஸ்டரு காத்திருக்கட்டும். நானும் தோண்டறேன்."

"அழுதுக்கினே இருந்ததுல பாப்பாவுக்கு மூள கலங்கிச்சி," என்றார் பாண்டுரங்கன், அன்பாக. "எதுக்கும்மா? அவனுக்கு எங்க வெச்சா இன்னா? எல்லாம் ஒரே களர்தான?"

அவள் தலையை ஆட்டினாள். பர்ஸ் வீட்டில் இருந்தது. சீட்டு தேவைப்படவில்லை. ஏதோ சொன்னாள்.

"இன்னாது?" பாண்டுரங்கன் காதருகே கையைக் கொண்டுபோனார். "சத்தமா சொல்லும்மா."

மேய்ச்சல் தரைக்கு அப்பால், பந்தல் போட்ட வீடு சின்னதாகத் தெரிந்தது. நிஷா அதைப் பார்த்துக்கொண்டு, அங்கே கேட்கும்படி சொன்னாள்.

"எட்டு புள்ளி மூணு."

சாம்சன் மண்வெட்டியை இறக்கினான். பாண்டுரங்கன் காதிலிருந்து கையை எடுத்தார். கடப்பாரையை மெதுவாக உருவி, அது விட்ட ஓட்டையைக் காலால் மண் தள்ளி மூடினார்.