பின்வரிசைச் சுருதி

ஆப்பியா நகரத் தேவாலயப் பாடகர் குழுவில் லூசியாவின் குரல்தான் ராணி. முப்பது வருடமாக யார் தயவும் இல்லாமல் சரியான சுருதியில் பாட்டெடுப்பவள் என்ற பெருமை வேறு.

"என் குரல எதுக்குடா அமுக்கினே?" என்று ஒலிப்பதிவு செய்த செமிசியிடம் பாய்ந்தாள்.

"நீங்க கத்துற இடத்த மட்டும், சத்தத்தச் சமப்படுத்துற இந்தக் கம்ப்ரசர் இறக்கும், அக்கா. அப்புறம் மொத்தத்தையும் ஏத்துவேன். சின்னச் சத்தமும் மேல வந்துடும். கேளுங்க."

பதிவைக் கேட்டாள். ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால், பின்வரிசைப் பெனினா மெல்ல முனகி அவளுக்குச் சுருதி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வீசிக்கொண்டிருந்த ஓலை விசிறி லூசியாவின் கையில் அப்படியே நின்றது.

"இந்த முனகல வெட்டிடவா?" என்றான் செமிசி.

"வெட்டினே, கைய ஒடிச்சிடுவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னை இன்னும் நல்லா அமுக்குடா. அவ குரல் தெளிவாக் கேக்கணும்."