தொப்பியைக் கழற்றுவதற்கு முன்

மாநிலப் பண்பாட்டுக் கழகத்தார் எங்கள் டோப்ரி ஊருக்கு வரலாற்றை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கூடாரம், மடக்கு நாற்காலிகள், 'உங்கள் மண், உங்கள் குரல்' என்ற பதாகை, இருநூறு கருத்துப் படிவங்கள். ஊரில் இருப்பதே நூற்றுப் பதினொரு பேர்.

"மீதியை யார் நிரப்பறது?" என்று கழக அதிகாரியான இளம்பெண் மெரிடித்திடம் கேட்டேன்.

"பக்கத்து ஊர்க்காரங்க வருவாங்க இல்ல?"

பக்கத்து ஊர் நாற்பது மைல். நெப்ராஸ்காவின் இந்த மணல்மேடுகளில் பக்கத்தில் இருப்பவை மாடுகள் மட்டுமே.

வாரப் பத்திரிகை நடத்துகிறவன் என்பதால் வரவேற்புக் குழுவில் என்னைப் போட்டிருந்தார்கள். குழுவில் இன்னொருவர் அல்பினா குச்செரா. வயது எழுபத்திரண்டு. கசகசா வைத்த ரொட்டி நூறு சுட்டுக் கொண்டுவந்திருந்தார்.

நிகழ்ச்சி இதுதான்: படித்த ஒருவர் செத்துப்போன ஒருவரின் உடையை மாட்டிக்கொண்டு அவராகவே பேசுவார். பிறகு நாம் கேள்வி கேட்கலாம். தலையில் தொப்பி இருக்கும்வரை செத்தவர்தான் பதில் சொல்லவேண்டும். தொப்பியைக் கழற்றினால் பேராசிரியர். வழக்கமாக ஜனாதிபதிகளும் தளபதிகளும் வருவார்கள். இம்முறை உள்ளூர்க் குரல் வேண்டுமென்று, அறுபது வருடத்துக்கு முன் பனிச்சறுக்கு வண்டியில் எங்கள் மாவட்டத்தைச் சுற்றிவந்த டாக்டர் ஓவர்பியை எழுப்பியிருந்தார்கள்.

"அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும், ரோலண்ட்," என்றார் அல்பினா.

"அது ஓவர்பி இல்லம்மா. பென்னிங்டன்னு ஒரு புரொபசர்."

"தெரியும்ப்பா. இருந்தாலும் கேக்கணும்."

என்ன கேட்பார் என்று ஊருக்கே தெரியும். 1931 ஜனவரியில், அல்பினாவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, தொண்டை அடைப்பான் வந்து அல்பினாவின் மூன்று வயதுத் தம்பி லாடிக் போய்விட்டான். அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார்கள். ஓவர்பி பிள்ளையைக் கம்பளியில் சுற்றி எடுத்துப்போய் எங்கோ புதைத்தார். அந்த மாதம் அவர் எடுத்துப்போன பிள்ளைகள் பதினொன்று. பிறகு அவரும் படுத்துவிட்டார். எழுந்தபோது, "எந்தப் பிள்ளையை எங்க வெச்சேன்னு குழம்பிப்போச்சு, மன்னிச்சிரும்மா" என்று அல்பினாவின் அம்மாவிடம் அழுதிருக்கிறார்.

இப்போது அல்பினாவின் இதயம் தகராறு செய்துகொண்டிருந்தது. தனக்கான கல்லறைக் கல்லைத் தயாராக வைத்திருந்தார். எங்கே நடுவது என்று கல்வெட்டுகிறவன் இரண்டு முறை கேட்டுவிட்டான். லாடிக் பக்கத்தில் என்பது மட்டும்தான் அவருடைய பதில்.

பழைய பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் போட்டார்கள். பள்ளிக்கூடம் இடிந்து பல வருடமாகிறது, இரும்புக் கைப்பம்பு மட்டும் நிற்கிறது. பென்னிங்டன் ஜூலை வெயிலில் ஒட்டுத்தாடி, தொப்பி, மருந்துப் பையுடன் மேடையேறி, "ஓ, எல்லையற்ற புல்வெளியே!" என்று தொடங்கினார். வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பசு பதில் சொன்னது. நாற்பது நிமிடம் அவர் துயரப்பட்டார். நாங்கள் விசிறிக்கொண்டோம்.

கேள்வி நேரத்தில் வெர்னன் எழுந்தார். எங்கள் ஊரில் கல்லறைக் குழி வெட்டுகிறவர்.

"டாக்டர், என் காலை நீங்க இடது கையாலதானே தெச்சீங்க? இப்ப பையை வலது கையில வெச்சிருக்கீங்க?"

"வயசாச்சுப்பா, கையே மாறிப்போச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அல்பினா எழுந்தார்.

"டாக்டர், நான் ஜோசஃப் குச்செரா மக. என் தம்பியை எங்க வெச்சீங்க?"

இன்னொரு புல்வெளி வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தால் பை இடது கைக்கு மாறியிருந்தது. வெர்னன் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார், கெட்டிக்காரர் என்று எண்ணிக்கொண்டேன்.

"இங்கதாம்மா," என்றார். மேடைக்குரல் இல்லை. களைத்துப்போன குரல். "பம்புக்கு வடக்க, ஸ்கூல் சாம்பல் கொட்டுற மேட்டுல. வேற எங்கயும் கடப்பாரை இறங்கல. அங்க மட்டும்தான் மண்ணு உறையாம இருந்துச்சு. முழங்கை ஆழம் தோண்டினேன். அதுக்கு மேல எனக்குத் தெம்பில்ல."

மெரிடித் பதறிப்போய்த் தொப்பியைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினாள். கழற்றினார்.

"இப்ப நீங்க சொல்லுங்க, புரொபசர்," என்றார் அல்பினா, உட்காராமலே.

பென்னிங்டன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆவணத்துல அப்படி எதுவும் இல்லீங்க. அந்த மாசத்துக்குப் பதினொண்ணுன்னு ஒரு எண் மட்டும்தான். நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு... எனக்குத் தெரியல."

ஒரு பேராசிரியர் மேடையிலேயே தெரியாது என்றதை அன்றுதான் கேட்டேன். பிறகு வேனருகே, கணப்புச் சாம்பலைப் பற்றி எங்கே படித்தீர்கள் என்று விசாரித்தேன். "எங்க வீட்ல கணப்பே கிடையாது, குளிருக்குச் சுவத்துல ஒரு சுவிட்சு. அவ்வளவுதான்," என்றார். பாதித் தாடி தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பிய்க்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை கூடாரம் போயிருந்தது. அல்பினா ஒரு நீள இரும்புக் கம்பியோடு நின்றார். காய்ந்த தரையில் குத்திய இடமெல்லாம் கம்பி துள்ளி எழும்பியது. பம்புக்கு வடக்கே மட்டும் வெண்ணெயில் போவதுபோல் இறங்கியது. பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"ஏதாவது தட்டுச்சாம்மா?"

"தட்டுற வரைக்கும் விடல."

கம்பியை உருவித் துடைத்தார். நுனியில் சாம்பல் நிறம்.

"அந்த ஜனவரிக்கு அப்புறம், ஸ்கூல்ல சாம்பல் அள்ளற வேலை என்னுது, ரோலண்ட். நாலு குளிர்காலம். தினமும் இங்கதான் கொட்டினேன்." கம்பி நுனியை விரலால் தடவினார். பிறகு, "கொட்டும்போது சூடாத்தானே இருக்கும்?"

"ஆமாம்மா. கனலே இருக்கும்."

"அப்ப அவனுக்குக் குளிர்ந்திருக்காது," என்றார். என்னிடம் சொன்னதாகத் தோன்றவில்லை.

அந்த வருடம் பனி விழத் தொடங்கியதும், தினமும் காலையில் அல்பினா கணப்புச் சாம்பலை வாளியில் எடுத்துக்கொண்டு சாலையைக் கடப்பதை என் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை. கழகத்தின் ஆண்டறிக்கை வந்தது: பார்வையாளர் தொண்ணூற்று நான்கு, மனநிறைவு ஐந்துக்கு நாலரை.

பிப்ரவரியில் அல்பினா போனார். மூன்று அடி பனி. உறைந்த மண்ணை உடைக்க வெர்னன் பம்புக்கு வடக்கே இயந்திரத்தை இழுத்துக்கொண்டு வந்தார். அதைக் கிளப்பத் தேவைப்படவில்லை.

"மண்ணு வெதுவெதுன்னு இருக்குய்யா," என்றார் என்னைப் பார்க்காமல். எல்லாம் அல்பினா கொட்டிய சாம்பல்தான் என்றேன். ஆமாம் என்று தலையாட்டினார். முழங்கை ஆழம் வந்ததும் மண்வெட்டியை மேலே வைத்துவிட்டுக் குழியில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, வெறும் கையால் தோண்ட ஆரம்பித்தார்.