அம்சவேணி சாயங்காலத்தில் இருக்கிறாள்

என் மனைவி அம்சவேணி என்னைவிட அரை மணி நேரம் முன்னால் இருந்தாள். வீடியோ கேம் ஆடியதால் வந்தது. எங்கள் ஊரில் அந்த ஆட்டத்தை நன்றாக ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும். பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்த செல்லப்பன் ஒரு மணி நேரம் முன்னால் இருந்தார். நாம் போவதற்குள் மாத்திரையை உறையில் போட்டு, மேலே நம் பெயரையும் எழுதி வைத்திருப்பார். அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால் தலைவலி பின்னாலேயே வந்து சேரும்.

ஆட்டப் பெட்டி எங்கள் மகள் இளவேனிலுடையது. சென்னையில் வேலை கிடைத்துப் போனபோது டிவிக்குக் கீழேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அம்சவேணி அதை அவ்வப்போது தூசி தட்டுவாள். ஒரு நாள் தட்டும்போது பொத்தான் அழுந்தி, திரையில் ஒரு பாதை விரிந்தது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். அன்று மதியம் எங்கள் வீட்டில் சோறு இல்லை.

எதிர்காலத்தில் நடக்கும் பந்தயம் அது. முப்பது வண்டிகள். ஒன்றுக்கும் சக்கரம் கிடையாது. தரைக்கு ஒரு சாண் மேலே மிதந்தபடி போகும். பாதை ஆகாயத்தில் நாடாவைப் போல முறுக்கிக்கொண்டு கிடக்கும். சில இடங்களில் தலைகீழாக ஓட்ட வேண்டும். ஓரத்தில் சுவர் இருக்கும்வரை தப்பிக்கலாம். பல இடங்களில் சுவரே இல்லை. திரையின் மூலையில் வண்டியின் உயிர் ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். இன்னும் வேகம் வேண்டுமென்றால் அந்தக் கோட்டிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்க வேண்டும். அதிகம் எடுத்துவிட்டால், லேசாக உரசினாலே வண்டி வெடித்துவிடும். எடுக்காமல் பத்திரமாகப் போனால் கடைசியாக வரலாம்.

அம்சவேணி எடுத்தாள்.

நான் ரோடு ரோலர் ஓட்டுகிறவன். பெருந்துறைப் பக்கம் புதிதாகப் போட்ட சாலைகளில் பாதி நான் உருட்டியவை. நான் வேலை செய்யும்போது நாய்கள் என்னைக் கடந்து போய், சற்று நேரம் படுத்திருந்து, எழுந்து மறுபடி கடந்து போகும். அதனால் அவள் முன்னால் போனதை நான் உடனே கவனிக்கவில்லை. கேள்விக்கு முன்பே பதில் வந்தது. "கதவுக்குப் பின்னாடி பாருங்க" என்பாள். பிறகு நான் துண்டு எங்கே என்று கேட்பேன். கல்யாணமாகி இவ்வளவு வருடம் ஆனவர்களுக்குள் அது இருக்கும்தானே என்று விட்டுவிட்டேன். காப்பி தினமும் ஆறியிருக்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. அவள் சூடாகத்தான் வைத்திருக்கிறாள். நான்தான் அரை மணி நேரம் கழித்து வருகிறேன்.

ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"சொல்லட்டுங்களா? கல்யாணமாகி வந்ததிலிருந்து எனக்குப் பின்னாடியே பார்த்துத்தான் பழக்கம். கேஸை அணைச்சமா, கேட்டைப் பூட்டினமா, பாப்பா சாப்பிட்டுட்டாளா. அந்த வேகத்துல பின்னாடின்னு ஒண்ணு இல்லைங்க. திரும்பிப் பார்த்தா விழுந்துருவோம். அதனால யாரும் திரும்பிப் பார்க்கச் சொல்றதில்லை. ஒரு அளவுக்கு மேல போயிட்டா சத்தமே நின்னு போகுது. கை தானா வளையுது. கோயில்லகூட எனக்கு அப்படி இருந்ததில்லைங்க."

தலை துவட்டிக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்து, "அப்படி என்னதான் வேணி இருக்குது அந்த ஆட்டத்துல?" என்று கேட்டேன்.

ஒவ்வொரு பந்தயத்தை முடிக்கும்போதும் அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் போனாள். ஆடி மாதம் பிறந்தபோது அரை நாள் முன்னால் இருந்தாள். நான் காலையில் எழுந்து வந்தால், அவள் சாயங்கால விளக்கை ஏற்றிவிட்டு ஆட உட்கார்ந்திருப்பாள். நான் மாலையில் வேலை முடிந்து வந்தால், அவள் மறுநாள் காலைக் கோலத்தைப் போட்டுக்கொண்டிருப்பாள். சாயங்காலப் பால்காரர் அதை மிதிக்காமல் தாண்டிப் போகப் பழகிக்கொண்டார்.

ஒரு காலையில் இளவேனில் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா எங்கப்பா இருக்காங்க?"

"சாயங்காலத்துல இருக்காங்க சாமி."

"சரி, நான் ராத்திரி வாக்குல கூப்பிட்டா?"

"அப்ப நாளைக்குக் காலைல இருப்பாங்க. சொல்ல வேண்டியதை இப்பவே சொல்லிடு. பதில் ஏற்கனவே சொல்லிட்டாங்க. ஊறுகாய் அனுப்பியாச்சாம்."

"அதைத்தாம்ப்பா கேட்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் நான் பல் தேய்த்தபடி கூடத்துக்கு வந்தேன். அம்சவேணி சோபாவில் ஆடி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்திலிருந்த காலி இடத்தின் பக்கமாகச் சாய்ந்தாள். அவள் தலை, ஒரு தோள்மேல் இருப்பதுபோல, காற்றிலேயே நின்றது. அந்த இடத்தில் நான் மாலையில்தான் இருப்பேன். இருப்பேன் என்று அவள் நம்பிச் சாய்ந்திருந்தாள். நான் வாயில் நுரையோடு, அவள் எவ்வளவு நேரம் அப்படி இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலையிடத்தில் மேஸ்திரி சின்னராசுவிடம் சொன்னேன். "இன்னைக்கு நேரத்துலயே போகணுங்க. வீட்டுல தோள் வேணும்."

"எந்தத் தோளு?"

"இடதுங்க."

"அப்ப சீக்கிரம் கிளம்பு. அதை வெச்சுக்கிட்டு லிவர் இழுக்காதே" என்றார்.

மாலையில் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் தலை நின்ற உயரத்துக்குத் தோள் வரவில்லை. ஒரு தலையணையை மடித்து அடியில் போட்டுக்கொண்டேன். தோளில் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் காலையில் அவள் சாய்ந்திருந்த அளவு நேரம் முழுக்க அசையாமல் இருந்தேன். வாசலில் அவள் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடைச் செல்லப்பன் அந்தச் சமயத்தில் ஒரு முழு நாளைத் தாண்டிப் போய்விட்டார். ஒரு நாள்வரை முன்னால் இருப்பவர்களைப் பார்க்கலாம். தாண்டிவிட்டால் பார்க்க முடியாது. அவர்கள் நாளை என்கிற நாளுக்குள்ளேயே போய்விடுகிறார்கள். கடையில் உறைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அவருடைய மனைவி அவற்றை எடுத்துக் கொடுத்தார். "நல்லாத்தான் இருக்கார்போல. கையெழுத்து தெளிவா இருக்குது" என்றார். சொல்லிவிட்டு அந்த உறையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகுதான் என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் எனக்கு அந்தக் கை ஞாபகமாகவே இருந்தது.

மறுநாள் காலை அம்சவேணி காலி இடத்தைப் பார்த்துச் சொன்னாள். "நிறுத்தச் சொல்லாதீங்க. பின்னாடியே வாங்க."

மாலையில் அங்கே உட்கார்ந்து, "போதும் வேணி. நிறுத்திக்கோ" என்றேன். சொல்லாமல் விட்டால் அவள் பதில் வீணாகிவிடும். சொன்ன பிறகு கண்ட்ரோலரைக் கையில் எடுத்தேன்.

முதல் வளைவிலேயே விழுந்தேன். ரோலரில் வளைவு என்பது முந்தைய நாளே தெரிந்துவிடும் விஷயம். இங்கே பார்ப்பதற்குள் முடிந்துவிடுகிறது. நான் பிரேக் பிடித்தேன். பின்னால் வந்தவர்கள் என்னைத் தள்ளிவிட்டார்கள். பிடிக்காமல் போனேன், நானே போய் விழுந்தேன். பாதைக்குக் கீழே, வெகு ஆழத்தில் ஒரு நகரம் இருந்தது. நன்றாக ஆடுகிறவர்கள் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் வழக்கமாக விழும் இடத்தில் ஒரு பூங்காவும், நீலக் கூரை போட்ட ஒரு வீடும் இருந்தன. நாலைந்து நாளில் அந்த வீட்டுக்காரர் மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகளை ஓரமாகத் தள்ளி, எனக்கு இடம் விட ஆரம்பித்தார்.

அம்சவேணி சொல்லிக்கொடுத்தாள். காலையில் நான் இட்லித் தட்டோடு நின்று கேட்டுக்கொள்வேன். அவள் காலி இடத்துக்கு நேராகக் கையை நீட்டிச் சொல்வாள். "இடது. இன்னும் இடது. இப்ப வலது. பிரேக்கை விடுங்க. மூக்கைத் தூக்குங்க. அந்தக் கோடு குறையறதைப் பார்க்காதீங்க." அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் எங்கே தப்புச் செய்வேன் என்று தெரிந்து சொன்னாள். பகல் முழுக்க ரோலரில் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்வேன். இடது, இன்னும் இடது, இப்ப வலது. மாலையில் அப்படியே செய்து, அவள் எதுவும் சொல்லாமல் விட்ட வளைவில் விழுவேன்.

ஒரு காலையில் அவள் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தாள். கையைத் தட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காற்றில் ஒரு முகத்தின் இரண்டு கன்னங்களையும் பிடித்து ஆட்டினாள். நான் இட்லித் தட்டைக் கீழே வைத்தேன். இன்று மாலை நான் ஏதோ செய்யப் போகிறேன்.

அன்று மாலை தொடர்ந்து விழுந்தேன். இருட்டத் தொடங்கியது. அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டது எதற்கு என்று தெரியவில்லை. ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் ஒன்றுமில்லாததற்குக் கை தட்டியவளாகிவிடுவாள். கட்டை விரல் வீங்கியது. மறுபடி ஆடினேன். ஒருமுறை விழாமல் போய் எல்லையைத் தொட்டேன். முப்பது வண்டிகளில் இருபத்தொன்பதாவது. முப்பதாவது வண்டி பாதியிலேயே வெடித்துவிட்டிருந்தது.

இதற்குத்தான் கை தட்டியிருக்கிறாள். நான் எழுந்து நின்று, கன்னத்தைக் காட்டினேன்.

அதன் பிறகு நானும் முன்னால் போகத் தொடங்கினேன். முதலில் கொஞ்சம்தான். வேலையிடத்தில் மேஸ்திரி ரோலருக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே சொன்னார்.

"ஏப்பா தங்கமுத்து, தார் இனிமேல்தான் வருது. நீ உருட்டிட்டே போயிட்டே."

"ஆமாங்க."

"சரி விடு. வரும்போது உருண்டாப்லயே வரட்டும்."

அப்படியே வந்தது.

மெல்ல மெல்ல ஆட்டம் கைவந்தது. நான் இருபதாவதாக வந்தேன், பிறகு பன்னிரண்டாவதாக. காப்பி அரைச் சூட்டில் கிடைக்க ஆரம்பித்தது. அதைக் குடிக்கும்போதெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் போதவில்லை. போகப் போக, நான் ஒரு மணி நேரம் முன்னால் போனால் அம்சவேணி இரண்டு மணி நேரம் போனாள். ஒரு நாள் அவள் காலி இடத்தில் அக்கறையாகத் தூசி தட்டிவிட்டுச் சொன்னாள்.

"நான் கொஞ்சம் முன்னாடி போறேனுங்க. துண்டு போட்டு இடம் பிடிச்சு வெக்கிறேன். அவசரப்பட்டு அடிபட்டுக்காதீங்க. ஆனா வந்துருங்க."

அடுத்த நாள் சோபாவில் யாரும் இல்லை. வாசலில் கோலம் மட்டும், கோடு ஒவ்வொன்றாக, தானாக வந்தது. நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அது முடியும்வரை பார்த்தேன். கடைசியில் அவள் எப்போதும் இடப்பக்க மூலையில் மறந்துவிடும் ஒரு புள்ளியை இந்த முறையும் மறந்திருந்தாள்.

உள்ளே போய், ஆட்டத்திலேயே கடினமான பாதையைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு எங்குமே சுவர் கிடையாது. ஒரு குழாயின் வெளிப்பக்கத்தில் ஓட்ட வேண்டும். மேல், கீழ் என்று எதுவும் இல்லை. நீண்ட நாட்களாகச் சேர்த்துவைத்த என் பயத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். முதல் சுற்றில் உயிர்க்கோட்டில் பாதியைச் செலவழித்தேன். இரண்டாவது சுற்றில் மீதியை. வண்டிகள் இருபக்கமும் நின்றுகொண்டிருப்பவை போலப் பின்னால் போயின.

பிறகு சத்தம் நின்றது. அவள் சொன்னது அதைத்தான். பாதை ஓடவில்லை, என் கைக்குள் மெதுவாகச் சுருண்டு வந்தது. என் விரல்கள் வளைவைக் கண்ணுக்கு முன்பே அறிந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக நான் எதையும் தட்டையாக்காமல் ஓர் இடத்தைக் கடந்துபோனேன். எனக்கு அழுகை வந்தது. துடைக்கக் கை இல்லை.

கோட்டில் உயிர் ஒரு சொட்டும் மிச்சமில்லாதபோது கடைசி வளைவில் ஒரு வண்டி என்னை உரசியது. என் வண்டி வெடித்தது. மூக்குப் பகுதி மட்டும் தனியாகப் பறந்து போய் எல்லையைக் கடந்தது. விதிப்படி அது போதும். முதலிடம் என்று திரையில் என் பெயர் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். திரை இல்லை. கூடமும் இல்லை. செம்மண் நிலம் ஒன்று பரந்து கிடந்தது. வெயில் புதிதாக இருந்தது. நாளை என்கிற அந்த நாளுக்கு எங்கள் வீடு இன்னும் வந்து சேரவில்லை. நிலத்தின் நடுவில் அம்சவேணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துண்டு விரித்திருந்தாள்.

"வந்துட்டீங்களா" என்றாள். துண்டை உதறி மடித்தாள். நான் உட்கார்ந்தேன். கண்ட்ரோலர் இன்னும் என் கையில் இருந்தது. அதை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, என் கட்டை விரலை எடுத்து இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்தினாள். அவள் கை சூடாக இருந்தது. ஆறவே இல்லை.

"எத்தனாவதா வந்தீங்க?"

"முதல்லங்க" என்றேன். அவளை நான் வாங்க போங்க என்று சொன்னதில்லை. அன்று வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கடுகு தாளிக்கும் வாசனை வந்தது. அதற்குப் பின்னால் சமையலறை வந்தது, அடுப்பு எரிந்தபடி. அம்சவேணி எழுந்து போய் அதைச் சிறுதீயில் வைத்தாள். பிறகு கூடம் வந்தது. சோபாவை நான் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போட்டேன். இளவேனிலின் அறை கதவு சாத்தியபடியே வந்து, தன் இடத்தில் நின்றது. வாசல் கேட் தனியாகச் சத்தமிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. வெயில் ஏறுவதற்குள் மொட்டை மாடியும் வந்து மேலே உட்கார்ந்துவிட்டது.

கிணறு மட்டும் வரவில்லை.

"ஆழமில்லைங்களா, மெதுவாத்தான் வரும்" என்றாள் அம்சவேணி. நாங்கள் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், அது வரப்போகும் இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டோம்.